அண்ணன் காத்திருந்த மே மாதம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, அண்ணனின் கடை வாசலில் ஒரு முறையாவது நின்று பேசிவிட்டுப் போன நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. முன்பக்கத்தில் இருக்கும் படத்தில் அவருடைய சட்டைப் பையில் சிவப்பாக ஏதோ தெரிகிறதே, பூவா என்று அச்சகத்தில் கேட்டார்கள். பூ இல்லை. சேவல் இறகையும் சிவப்பு நூலையும் சுற்றிய ஒரு தூண்டில் முள். நான் கட்டிக் கொடுத்தது. அதை அழித்துவிட்டுப் படத்தைச் சுத்தமாக்கித் தருகிறோம் என்றார்கள். அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது அண்ணி என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். "நீயே எழுது பாப்பா. எனக்கு பேனா எடுத்தா அழுகதான் வருது" என்றார். எனக்கு மட்டும் என்ன வருகிறதாம்? நான் தையல்காரி. துணியை அளந்து வெட்டத் தெரியும், பேச்சை அளந்து வெட்டத் தெரியாது. கூடக் குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது களமருதூரில். எங்கள் அப்பாவும் அம்மாவும் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று யார் கூப்பிட்டாலும் போன கூலிக்காரர்கள். சொந்தமாக ஒரு காணி நிலம்கூடக் கிடையாது. அண்ணன் எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. மறு மாதமே அண்ணன் பையை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய பேப்பர் கடையில் வேலை. பகலில் கட்டுக் கட்டுவது, எடை போடுவது, இரவில் அந்தக் கட்டுகளின் மேலேயே படுத்துக்கொள்வது. அம்மாவையும் என்னையும் அந்த வருமானத்தில்தான் காப்பாற்றினார். பின்னாளில் அந்தக் கடையே அவருக்கு வந்து சேர்ந்தது. முதலாளி வயதாகி ஊருக்குப் போகும்போது, "இத வேற எவனுக்கும் குடுக்க மாட்டேன்டா" என்று சாவியை அண்ணன் கையில் வைத்துவிட்டுப் போனாராம்.

நைனார்பாளையத்தில் அண்ணனுக்குப் பெண் எடுத்தோம். அண்ணி வந்த பிறகுதான் எங்கள் வீடு வீடாக இருந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இந்த மலரில் எதுவும் எழுத வேண்டாம் என்று அண்ணி சொல்லியிருக்கிறார், அதனால் நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

என் கதை உங்களில் பலருக்குத் தெரியும். கல்யாணமாகி வாழப் போன இடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் கட்டின புடவையோடு அண்ணன் கடை முன்னால் போய் நின்றேன். ஊர் முழுக்க "ஏன் வந்த, எதுக்கு வந்த" என்று கேட்டது. அண்ணன் கேட்கவில்லை. "சாப்ட்டியா பாப்பா?" என்றார், அவ்வளவுதான். அந்த வாரமே கடையை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, முன்பாதியில் எனக்கு ஒரு தையல் மெஷின் போட்டுக் கொடுத்தார். முன்னால் நான் ஜாக்கெட் தைக்க, பின்னால் அண்ணன் பேப்பர் எடை போட, ஒரே கடையில் இரண்டு தொழில் நடந்தது. அவர் செய்த நல்லதையெல்லாம் சொல்ல இந்த மலர் போதாது. எனக்கு இது ஒன்று போதும்.

இனி அந்தப் புத்தகங்களுக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அண்ணனைச் சொல்ல முடியாது.

எடைக்கு வரும் எதையும் அண்ணன் ஒரு தடவை புரட்டிப் பார்க்காமல் கட்டுப் போடமாட்டார். வாரப் பத்திரிகை, பழைய பாடப் புத்தகம், ஜாதகக் குறிப்பு எல்லாம் படிப்பார். ஒருநாள் ஏற்காட்டுப் பக்கம் ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள் என்று மூட்டை மூட்டையாக ஆங்கிலப் புத்தகங்கள் வந்தன. அதில் ஒன்றைத் திறந்தவர் அப்படியே எழுந்து என்னிடம் ஓடிவந்தார்.

"பாப்பா, இத பாரு. தோடு டிசைன் எத்தினி இருக்குது பாரு!"

பார்த்தேன். வழுவழுப்பான தாளில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன இறகுக் கொத்துகள். தங்க ஜரிகை, பச்சைப் பட்டு, நீல இறகு. பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் ஒவ்வொன்றின் முனையும் வளைந்திருந்தது.

"இன்னாண்ணா இது, கொக்கி இருக்குது? இத காதுல மாட்டினா காது அறுந்துடும்."

அண்ணன் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "அட ஆமா பாப்பா, இது தூண்டில் முள்ளு" என்றார். பிறகு அன்றைக்கு அவர் தராசுப் பக்கமே போகவில்லை.

அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்துக் கூட்டுவார், அவ்வளவுதான். ஆனால் எடைக்கு வந்த ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி இருந்தது. அட்டையும் கிடையாது, முதல் பக்கங்களும் கிடையாது. அதனால் ஏ எழுத்தில் தொடங்கும் சொல் எதற்கும் அண்ணனுக்கு அர்த்தம் தெரியாது, அவராகவே ஒன்றை வைத்துக்கொள்வார். அந்த அகராதியை வைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தை ஒரு வருஷம் படித்தார். அடுத்தது கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது. சேலம், விழுப்புரம் பக்கத்துப் பழைய பேப்பர்காரர்களுக்கெல்லாம் சொல்லி வைத்தார். மீன் படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் எங்கே வந்தாலும் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிடும். கடைசியில் கடைச் சுவரில் ஒரு இரும்பு அலமாரி நிறைய அதுவே இருந்தது.

என்ன இருந்தது அந்தப் புத்தகங்களில்? புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. ஆற்று மேல் பறந்து திரியும் பூச்சியைப் போலவே இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, அது தானாக வந்து தண்ணீரில் உட்கார்ந்தது போல வீசி, மீனை மேலே வரவைப்பது. பூச்சித் தூண்டில் என்று அண்ணன் பேர் வைத்தார். அதை எப்படிச் செய்வது என்பதைவிட அது எப்படி வந்தது என்பதுதான் அவருக்குப் பிடித்த படிப்பு. எந்தக் காலத்திலோ கிரேக்க தேசத்துப் பக்கம் ஒரு ஆற்றங்கரையில் சிவப்புக் கம்பளியையும் சேவல் கழுத்து இறகையும் முள்ளில் சுற்றினார்களாம். பிறகு இங்கிலாந்தில் ஒரு கன்னியாஸ்திரீ மடத்து அம்மா இதைப் பற்றி எழுதினார் என்கிறார்களாம், அப்படி ஒருவர் இருந்தாரா என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டாம். அண்ணன், அந்த அம்மா இருந்தார் என்கிற கட்சி. நைலான் வருவதற்கு முன்னால் குதிரை வால் முடியை முறுக்கித்தான் தூண்டில் கயிறு. அதிலும் ஆண் குதிரை முடிதான் நல்லதாம், பெண் குதிரை வால் முடி மூத்திரம் பட்டுப் பட்டு வலுவில்லாமல் போய்விடுமாம். இதை அவர் சொன்னது சாப்பாட்டு நேரத்தில். அண்ணி தட்டை நகர்த்திவிட்டு, "ஏங்க, சோத்த தின்னுட்டு அப்பால சொல்லக்கூடாதா?" என்றார்.

இன்னொரு சண்டையை அவர் சொல்லும்போது கடை வாசலில் டீ குடிக்க வந்தவர்கள்கூட நின்று கேட்பார்கள். இங்கிலாந்தில் ஒரு ஆறு. அங்கே தண்ணீர் மேல் மிதக்கும் பூச்சியைத்தான் வீச வேண்டும் என்று ஒரு கட்சி, தண்ணீருக்குள் முங்கும் பூச்சியையும் வீசலாம் என்று ஒரு கட்சி. பெரிய மனிதர்கள், படித்தவர்கள், பங்காளிகள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் அளவுக்குப் பகையாம்.

"மீனு எந்தக் கட்சிண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

அவரைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. "கடையில வியாபாரம் இல்லன்னா சும்மா ஈ ஓட்டுவாங்க, இவரு ஈய வச்சி மீனே புடிக்கிறாரு" என்பார்கள். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். அவர் யாரிடமும் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. கோபமெல்லாம் எனக்குத்தான் வரும்.

ஒரே ஒரு நாள் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேலி செய்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் உயர்வாக நினைத்த ஓர் இறகு, மெழுகுப் பொட்டு வைத்தது போல மஞ்சள் புள்ளி உள்ளது, இந்தியாவிலிருந்து கப்பலில் போயிருக்கிறது. படத்தைப் பார்த்தால் நம்முடைய காட்டுச்சேவல். கல்வராயன் மலையில் காலையில் கூவுகிற அதே சேவல். "நம்ம மலைக் கோழி லண்டன் பாத்திருக்குதுடா. நீங்க இன்னும் உளுந்தூர்பேட்டைய தாண்டல" என்றார். இப்போது அதைத் தொட்டாலே வனத்துறை பிடித்துக்கொண்டு போகும். அதனால் எங்களுக்குக் கோழிக்கடையில் கிடைத்த நாட்டுச் சேவல் இறகுதான்.

கட்டுகிற வேலை என்னுடையது. அண்ணன் படத்தைப் பார்த்து, படித்து, தமிழில் சொல்வார். "இறகு ரெண்டு சுத்து. நூலு இறுக்கி. தலையில முடிச்சி. ஜாஸ்தி வேணாம், கம்மியா இருந்தாதான் பூச்சி மாதிரி தெரியும்." குறட்டில் முள்ளைப் பிடித்துக்கொண்டு ஜாக்கெட்டுக்கு வாங்கிய பட்டு நூலில் நான் சுற்றுவேன். கயிறும் நான்தான் பின்னினேன், ஒரு முனை தடியாக, மறுமுனை மெல்லிசாக, மேலே மெழுகுவத்தியைத் தேய்த்து. மலை மூங்கிலில் ஒரு கழி செய்துகொண்டார். சாயங்காலம் மொட்டை மாடியில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து, அதற்குள் பூச்சி விழும்படி வீசிப் பழகுவார். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயவைக்கும் பெண்கள், "இன்னிக்கி எத்தினி மீனுங்க?" என்று கேட்பார்கள். "இப்பதான் ஒண்ணு தப்பிச்சிது" என்பார்.

ஒரு தடவை ஏரியில் வீசிப் பார்த்தார். ஒரு ஜிலேபிக் கெண்டைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருக்கு வருத்தமில்லை. "இது ஓடற தண்ணிக்கு உண்டான வித்த பாப்பா. நிக்கிற தண்ணியில மீன் வேற மாதிரி யோசிக்கும்" என்றார். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவதுதான் இப்போதைய வழக்கம் என்று அவர் சொன்னபோது அண்ணி கேட்டார்: "வுடறதுக்கு எதுக்குங்க புடிக்கணும்?"

அண்ணன் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். "கீழேர்ந்து அது மேல வந்து வாயத் தொறக்கும் பாரு, அந்த ஒரு நொடிக்குத்தான். எல்லா புக்கும் சுத்தி சுத்தி அந்த ஒரு நொடியதான் எழுதியிருக்குது. அத ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும்" என்றார்.

தனக்கென்று அண்ணன் எதையும் கேட்டு நான் கேட்டதில்லை. நல்ல சட்டை கேட்டதில்லை, வண்டி கேட்டதில்லை. இது ஒன்றைத்தான் வாய்விட்டுக் கேட்டார்.

பிறகு சிறுநீரகம் கெட்டுப் போனது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, என்னவோ வாயு என்று நாங்கள் கசாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். டாக்டர் சொன்னபோது இரண்டுமே போய்விட்டிருந்தன. ஊசி ஏற்ற வசதியாக இடது கையில் ஆபரேஷன் செய்து, வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் படுக்கை என்று ஆனது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அண்ணி ஒரு சின்ன பாட்டிலில் காலையில் ஊற்றி வைப்பார், அதுதான் அன்றைக்கு முழுக்க. நாக்கு வறண்டு, உதடு வெடித்து, அந்தப் படுக்கையில் படுத்துக்கொண்டு அண்ணன் படித்ததோ ஆறு ஆறாக, பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர். "வேற எதுனா படிண்ணா, பாக்கவே எனக்கு வயிறு எரியுது" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவர் சொன்னார், "இது படிச்சா தாகம் கம்மியா இருக்குது பாப்பா." எனக்கு அது புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

அங்கேதான் வெள்ளிமலை நண்பர் பழக்கமானார். மரவள்ளி போடுகிற மலை விவசாயி. பக்கத்துப் படுக்கையில் அவருடைய தாயாருக்கு டயாலிசிஸ். தாயாரின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பவர் அண்ணன் கையிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா பூச்சி சார் இது?" என்று கேட்டார். அண்ணன் எடுத்துச் சொன்னார். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"எங்கூரு ஓடையில தெனம் நடக்கறதுதான் சார். சாயந்திரமா பூச்சி எறங்கும், மீனு எகிறி எகிறிப் புடிக்கும். மாட்ட ஓட்டிகினு வரச்சொல்ல பாத்துகினே வருவோம்."

அண்ணன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கையில் ஊசி இருக்கிறது, படுங்க படுங்க என்று நர்ஸ் ஓடிவந்தார்.

அது கார்த்திகை மாதம். மழை நன்றாகப் பெய்திருந்தது. நண்பர், "இப்ப ஓடையில நல்ல தண்ணி. வாங்க சார், நம்ம வூட்ல தங்கிக்கலாம்" என்று கூப்பிட்டார். அண்ணன் அப்போது நடந்தார், மாடி ஏறினார். வலது கை நன்றாக இருந்தது. டயாலிசிஸ் இல்லாத நாளில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரு இரவு தங்கிவிட்டுக் காலையில் இறங்கிவிடலாம். அண்ணி பை எடுத்து வைக்கவே தொடங்கிவிட்டார்.

அண்ணன் வேண்டாம் என்றார்.

"இது சீசன் இல்ல. மே மாசம்தான் போவணும். மே கடைசியில ஒரு பூச்சி பொறப்படும், அதுக்கு பேரே மே பூச்சிதான். வருசம் பூரா வராத பெரிய மீனெல்லாம் அன்னிக்கு மேல வரும். எல்லா புக்குலயும் இருக்குது."

"இப்பவே போலாமேண்ணா, நல்லாதான இருக்க?"

"குளிர்ல பூச்சி வராது பாப்பா. பூச்சி வரலன்னா மீனு மேல வராது. இத்தினி வருசம் காத்துகினு இருந்தோம், சரியா போயி சரியா பாக்கணும்."

படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். நண்பரிடம் மே மாதம் வருகிறேன் என்று மட்டும்தான் அண்ணன் சொன்னார், அவரும் மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வருகிறேன் என்கிறவரிடம் அப்போது வராதே என்று எந்த மலைக்காரர் சொல்வார்? "எப்ப வேணும்னாலும் வாங்க சார், நம்ம வூடு" என்றார். தை பிறப்பதற்குள் அவருடைய தாயார் காலமாகிவிட்டார். அதன் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, போனில் எப்போதாவது நலம் விசாரிப்பதோடு சரி.

அந்த ஐந்தாறு மாதமும் அண்ணன் மே மாதத்துக்காகத்தான் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை. காலண்டர் தாளைத் தினமும் அவர்தான் கிழிப்பார். நான் புதிதாகப் பூச்சி கட்டிக்கொண்டே இருந்தேன். இது மஞ்சளாக இருக்க வேண்டும், இது சாம்பல், இதற்கு வால் மூன்று இழை. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது, அது எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் முகம் கல்யாணம் நிச்சயமான வீட்டு முகமாக இருந்தது.

மே கடைசியில் ஒரு வேன் பேசிக்கொண்டு போனோம். அண்ணன், அண்ணி, நான். கத்திரி வெயில். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது காற்று கொஞ்சம் தணிந்தது. எனக்கு அப்போதும் தோன்றவில்லை. சமவெளியில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் தண்ணீர். எங்கள் ஏரி காய்ந்தாலும் மலையில் ஓடும் என்றுதான் நினைப்பு.

நண்பர் வீட்டு வாசலில் பெரிய பலாப்பழம் ஒன்றை அறுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணனுக்கோ பழம் கூடாது. "மொதல்ல ஓடைக்குப் போலாங்க" என்று கழியை எடுத்துக்கொண்டார். நண்பர் கழியைப் பார்த்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார், முன்னால் நடந்தார். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

கல். கரையிலிருந்து கரை வரைக்கும் வெறும் கல். வெள்ளைவெள்ளையாக வெயிலில் கிடந்தது. ஒரு பள்ளத்தில் மட்டும் பாசி படிந்த தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது, அதில் ஓர் ஆடு வாய் வைத்துக்கொண்டிருந்தது.

நண்பருக்குத்தான் தாங்கவில்லை. "சார், இதுக்குத்தான் வரீங்கன்னு எனக்குத் தெரியாம பூட்டுதே. கோடையில கீழேர்ந்து எல்லாரும் பலாப்பழத்துக்கும் காத்துக்கும்தான் வருவாங்க. நீங்களும் அதுக்குத்தான் வரீங்கன்னு நெனச்சிகினு இருந்துட்டேன். மழ நின்னு மூணு மாசத்துல இங்க தண்ணி அத்துப் பூடும் சார். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே கைய புடிச்சி இட்டுகினு வந்திருப்பேனே."

அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அழப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் சிரித்தார்.

"அவங்க ஊரு மே மாசம் வேற, நம்ம ஊரு மே மாசம் வேற. கத்திரி வெயிலு தெரியாத ஆளா நானு? பொறந்ததுலேர்ந்து அதுல வெந்துகினு இருக்கறவன். அந்த புக்க தொறந்தா மட்டும் இது மறந்து பூடுது பாரேன்."

அண்ணி புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தார். அண்ணன் எழுந்தார். கழியைப் பிரித்து, நான் கட்டிய மஞ்சள் பூச்சியை மாட்டி, காய்ந்த ஓடையைப் பார்த்து ஒரு தடவை வீசினார். கயிறு காற்றில் நீளமாகப் போய், இரண்டு பாறைக்கு நடுவே, தண்ணீர் ஓடினால் எங்கே சுழித்துப் போகுமோ அந்த இடத்தில் சத்தமில்லாமல் பூச்சி இறங்கியது. நண்பர் மெதுவாக, "கரெக்ட்டா அங்கதான் சார் மீனு நிக்கும்" என்றார். அதற்குப் பிறகுதான் அண்ணன் அழுதார்.

அந்த அழுகையை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அண்ணன் எப்போதும் சிரித்த முகம் என்று இந்த மலரில் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான். இதுவும் உண்மை.

திரும்பி வரும்போது, "மழ வரட்டும். ஐப்பசியில வருவோம்" என்று நண்பரிடம் சொல்லிவிட்டு வந்தார். ஆடியில் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆவணியில் ஒருநாள் டயாலிசிஸின் நடுவில் நினைவு தப்பி, பிழைத்து வந்தார். புரட்டாசியில் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போக இரண்டு பேர் வேண்டியிருந்தது. புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கவும் கையில் வலுவில்லை, மார்பின் மேல் திறந்து வைத்துக்கொள்வார். மழை மட்டும் வரவில்லை. வானத்தைப் பார்த்து நான் திட்டாத திட்டு இல்லை.

ஐப்பசியில் வந்தது. அன்று காலையில் வெள்ளிமலை நண்பர் போன் செய்தார். அண்ணன் பேசவேண்டும் என்று கை நீட்டினார், நான் காதில் வைத்துப் பிடித்தேன்.

"சார், தண்ணி எறங்கிட்டுது!"

"எத்தினி ஆழம்?"

"முட்டி அளவு இருக்குது சார். ஆனா செவப்பா வருது, ஒரே கலங்கல்."

"கலங்கல்ல மீனுக்குப் பூச்சி தெரியாது."

"ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சிடும் சார்."

"தெளியட்டும். வரேன்" என்றார் அண்ணன்.

அவர் நடக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும். இருந்தாலும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டாவது போய்விடுவது என்று நாங்கள் இருவரும் அடுப்படியில் பேசி முடிவு செய்தோம். வேன்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன். மறுநாள் மத்தியானம் அண்ணி கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, "குளுருது" என்றார் அண்ணன். அண்ணி போர்வை எடுக்கத் திரும்பினார். போர்வையோடு வந்தபோது அண்ணன் இல்லை.

பார்க்காமலே போய்விட்டார். நல்ல மனுஷன், சொர்க்கத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருப்பார் என்று துக்கத்துக்கு வந்த பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னார்கள், தெரியும். ஆனால் எனக்கு அது ஆறவில்லை. அவர் கேட்டது சொர்க்கத்து ஆறு இல்லை. இங்கே இருக்கிற ஓடை, இரண்டு மணி நேரப் பயணம், ஒரு நொடி. அது கிடைக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் பிரிவில் அண்ணனை வாத்தியாரே என்று கூப்பிட்டு, ஊசி குத்தும்போதெல்லாம் ஒரு மீன் கதை கேட்டு வலியை மறக்கடித்த செவிலியர்களுக்கு. நேரம் காலம் பார்க்காமல் வந்து தூக்கி ஏற்றி இறக்கிய ஆட்டோ நண்பருக்கு. உளுந்தூர்பேட்டையிலிருந்து மாதம் தவறாமல் வந்து பார்த்த எங்கள் சித்தி குடும்பத்துக்கு. அண்ணன் மீன் பைத்தியம் என்று ஒவ்வொரு தடவையும் அவர்கள் விரால் குழம்பு கொண்டுவந்தார்கள், அவர் ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டு மீதியை எனக்குத் தள்ளிவிடுவார், சித்தி மன்னிக்கவும். களமருதூரிலிருந்து காரியத்துக்கு வந்து பந்தல் போட்டது முதல் பாத்திரம் கழுவியது வரை எல்லாம் பார்த்துக்கொண்ட உறவுகளுக்கு. அண்ணிக்கு நான் நன்றி சொன்னால் என்னை அடிப்பார். சொல்லவில்லை.

வெள்ளிமலை நண்பருக்குக் காரியப் பத்திரிகையை நேரில் கொடுப்பதுதான் முறை என்று நானே பஸ் ஏறிப் போனேன். அவருக்குப் போனில் சொல்லியிருந்தோம், மலையில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டதால் எடுப்புக்கு வர முடியாமல் போனது. என்னைப் பார்த்ததும் அவர் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பத்திரிகையை வாங்கிக்கொண்டவர் அதைத் திறந்து பார்க்கவில்லை.

"வாங்கம்மா" என்று ஓடைக்குக் கூட்டிப் போனார்.

சாயங்கால நேரம். அதே இடம்தான், ஆனால் அந்தக் கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முட்டி அளவு தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. தண்ணீர் மேல் சின்னச் சின்னப் பூச்சிகள் கூட்டமாக ஏறி ஏறி இறங்கின. ஒன்று இறங்கித் தண்ணீரைத் தொட்டது. கீழே ஒரு நிழல் அசைந்தது. மேலே வந்தது, வெள்ளியாக ஒரு வாய் திறந்தது, மூடியது. பூச்சி இல்லை. ஒரு வட்டம் மட்டும் விரிந்து விரிந்து ஓடையோடு போய்விட்டது.

அவ்வளவுதான். ஒரு நொடிகூட இருக்காது. எத்தனையோ வருஷம் அண்ணன் படித்ததை, ஒரு பக்கம்கூடப் படிக்காத நான் பார்த்துவிட்டேன்.

நண்பர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குக் கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு பார்த்தேன், இன்னொரு வட்டம், அதற்கு அப்பால் இன்னொன்று. அங்கே கேட்க யாரும் இல்லை என்று தெரிந்தும் வாய்விட்டுச் சொன்னேன்.

"தண்ணி தெளிஞ்சிட்டுதுண்ணா."